கொழும்புக்கு ஐம்பது நிமிஷம்

பிள்ளைகளா, நேற்று காலையில் நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். தை பிறந்ததும் எல்லாரும் சேர்ந்து கொழும்பு போய் வரலாம் என்று ஒருத்தி யோசனை சொன்னாள். கூடவே ஏதோ ஒரு வலைப்பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, வான்வழித் தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கும் குறைவு, விமானப் பயண நேரம் ஐம்பது நிமிடம். உடனே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "முட்டுவலிக்காரிகளுக்கு ஏத்த தூரம்ளா" என்றாள் இன்னொருத்தி. "நேரா பிளைட் உண்டுமா?" என்று ஒருத்தி கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் போடவில்லை.

கிடையாது. நம்ம ஊரிலிருந்து நேராக ஒரு விமானமும் கொழும்புக்குப் போகவில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் இரண்டு ஊருக்கும் நடுவில் கோடு இழுத்து, விமானத்தின் வேகத்தால் வகுத்து, விடையைச் சொல்லியிருக்கிறது. அதே கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயசு. நான் ஏன் கைதட்டவில்லை என்று ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். அவளுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டது. எல்லாரும் படியுங்கள்.

நாம ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. வெள்ளைக் கவுனும் முக்காடும் போட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையில் போய் முதல் முறையாகக் கோயிலில் நற்கருணை நன்மை வாங்கினோமே, அந்த வருஷம். என் முக்காட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்கள். ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பூவாகப் பின்னல் வேலை. அது கொழும்பிலிருந்து வந்தது. அதைக் கொண்டுவந்தவள் என் அத்தை, அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. முந்திரிப்பருப்பு போட்ட பால் டாபி ஒரு தகரப் பெட்டி நிறையக் கொண்டு வந்து உங்களுக்கெல்லாம் கொடுத்தாளே, அவள்தான்.

அத்தையைக் கொழும்பில் கட்டிக் கொடுத்து அப்போது நாலு வருஷம். மாமா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். பூர்வீகம் நம்ம கடற்கரைதான், இரண்டு தலைமுறையாக அங்கே. நல்ல இடம் என்று எல்லாரும் சொன்னார்கள். அதிலும் அப்பாவுக்குக் கொழும்பு வெளியூராகவே தோன்றியதில்லை. அவர் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்த்தார். வெங்காயமும் கருவாடும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு இன்றைக்குப் பாய் விரித்த தோணி, காற்று நன்றாக இருந்தால் மறுநாள் கொழும்பில் நிற்கும். சாப்பிடும்போது, "நம்ம சரக்கு இந்நேரம் கொழும்புல எறங்கியிருக்கும்" என்பார், அடுத்த தெருவைச் சொல்லுகிற மாதிரி. வீட்டு ரேடியோவும் அப்படித்தான். மெட்ராஸ் கரகரக்கும். கொழும்பு தெளிவாகக் கேட்கும்.

எங்கள் தெருவில் முதன்முதலாக விமானத்தில் ஏறியவள் அத்தை. கொழும்பிலிருந்து திருவனந்தபுரம் வரை விமானம், அங்கிருந்து பஸ். பஸ்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விமானத்தைப் பற்றித்தான் தெருவே கேட்டது. "என்னத்தச் சொல்ல? ஏறி உக்காந்ததும் ஒரு முட்டாய் தந்தாவ. அது வாயில கரையுததுக்குள்ள எறங்கச் சொல்லிட்டாவ" என்று சிரித்தாள். அவள் கையில் கறுப்பு வார் போட்ட சின்ன வாட்ச் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஐம்பது நிமிஷம் என்று சொன்னாள்.

அந்த வருஷம் நம்ம பூகோள டீச்சர் வரைபடத்தில் நூலை வைத்துத் தூரம் அளக்கக் கற்றுத் தந்திருந்தார் அல்லவா? எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. அப்பா ஆபீசிலிருந்து பழைய அட்லஸ் ஒன்று கொண்டுவந்து தந்தார். உப்புக் காற்றில் தாளெல்லாம் நமத்து, அட்டை உரிந்து, புரட்டினால் பூச்சி மருந்து வாசம் அடிக்கும். அதை வைத்துக்கொண்டு அந்த மே மாசம் முழுக்க அளந்தேன். திருச்செந்தூர், கயத்தாறு, மதுரை, மெட்ராஸ், கொழும்பு. கொழும்புக்கு வைத்த நூலை மெட்ராஸுக்கு வைத்தால் பாதி வழியில் தீர்ந்து போகும். அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "ஏளா, அந்த அட்லஸ எடுத்துட்டு வா" என்பார். நான் நூலோடு வந்து, "மெட்ராஸில பாதி தூரம்தான் கொழும்பு. பிளேன்ல ஐம்பது நிமிஷம்" என்பேன். அந்த ஐம்பது நிமிஷம் திருவனந்தபுரத்திலிருந்து என்பது எனக்கு மறந்தே போனது. வந்தவர்களும் கேட்கவில்லை.

அத்தையிடம் ஒரு மாற்றம் இருந்தது. போகும்போது கலகலப்பாகப் போனவள், இப்போது கூப்பிட்டால் திரும்புவதில்லை. தெருவில் யாராவது விசாரித்தால் பேசாமல் போவாள். "கொழும்புக்காரி ஆயிட்டால்ல, நம்மளையெல்லாம் கண்ணு தெரியுமா" என்று பக்கத்து வீட்டில் சொன்னது எங்கள் வீட்டுக்கே கேட்டது. அம்மாகூட ஏசினாள். ரசம் கேட்டால் மோரைக் கொண்டு வைப்பாளாம். "எங்க வச்சிருக்க புத்திய?" என்பாள். அத்தை மோரை எடுத்துப் போய்விட்டு ரசத்தோடு வருவாள்.

எனக்குத் தெரிந்தது ஒரு மதிய நேரத்தில். நன்மை வாங்குவதற்கு முந்தின வாரம். வெக்கை தாங்காமல் பின்னறையில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் படுத்திருந்தோம். என் மனசில் ஒரு பாரம் இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் நான் சொன்ன ஒரு பொய்யை மட்டும் ஒப்புக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும். அத்தையின் காதோரம் போய் மெதுவாகச் சொன்னேன். அவள் முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. காதில் மூச்சுக்காற்று பட்டிருக்க வேண்டும், "என்னளா, கூசுது" என்றாள். அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் கையிலிருந்த வாட்சைக் கழற்றி வாங்கினேன். பிறகு வெறும் கையை மூடி அவளுடைய இடது காதுப் பக்கம் வைத்து, கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"அத்தை, டிக் டிக்னு கேக்குதா?"

"கேக்குதே" என்றாள்.

நான் கையை விரித்துக் காட்டினேன். வாட்ச் அந்தப் பக்கம் தரையில் கிடந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கதவைப் பார்த்தாள். அம்மா அடுப்படியில் மீன் கழுவுகிற சத்தம் கேட்டது. அத்தை என்னை வலது பக்கமாக இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "மாமாவுக்குக் கோவம் வந்தா கை நீண்டுரும்" என்றாள். அலமாரிச் சாவியை எங்கோ வைத்துவிட்டாளாம். கடைக்குப் போகிற அவசரத்தில் மாமா அறைந்தாராம். இரண்டு நாள் காதுக்குள் கடல் இரைகிற மாதிரி இருந்தது, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது என்றாள். அது முதல் தடவை இல்லை என்றும் சொன்னாள். பத்து வயசுப் பிள்ளையிடம் இதைச் சொல்கிறோமே என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்லிராத. உங்க அப்பாட்ட சொல்லிராத."

நான் சொல்ல மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நன்மை வாங்கப் போகிற பிள்ளை. ஏற்கெனவே ஒரு பொய் மனசில் கிடந்து அரிக்கிறது. இந்தச் சத்தியத்தையாவது காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி செபத்தில்கூட வேண்டிக்கொண்டேன்.

நன்மை வாங்கின நாள் நன்றாகத்தான் போனது. அது முடிந்து ஒரு வாரத்தில் அத்தை திரும்ப வேண்டும். அவள் கிளம்பவில்லை. தலைவலி என்றாள். அடுத்த வாரம் என்றாள். வெயில் தணியட்டும் என்றாள். இரண்டாவது தந்தி மாமாவிடமிருந்து வந்த அன்றைக்கு, பெரியப்பாவுக்கு ஆள் போயிற்று. அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்தார். கூடத்தில் அப்பாவும் அவரும் நாற்காலியில். அம்மா தூணோரம் நின்றாள். அத்தை கீழே உட்கார்ந்திருந்தாள். பெரியப்பாவைத் தன் வலது பக்கம் வைத்துக்கொள்கிற மாதிரி கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தது எனக்கு மட்டும்தான் புரிந்தது.

"என்ன விசயம்? மாப்ள ஏதும் சொன்னாரா?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்லண்ணே."

"பொறவு என்ன? போக வேண்டியதுதான."

அத்தை சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்ணே. கன்னியாஸ்திரி மடத்துல தையல் சொல்லிக் குடுக்க ஆள் கேக்காவ. யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்றாள்.

"காரணம் இல்லாம புருசன விட்டுட்டு வந்து இருக்கப் போறியா? ஊரு என்ன கேக்கும்?"

அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு மாசம் இருந்துட்டுப் போகட்டுமே அத்தான். மொகத்தப் பாத்தா ஏதோ மாதிரி இருக்கு."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அவர் தங்கச்சி பக்கம் குனிந்து, பிரியமாகத்தான் பேசினார். "அங்க தனியா இருக்கமேன்னு நினைக்கியா? ஏதோ கடல் தாண்டிக் கெடக்கோம்னு மனசுல பயம், அதான? எம்மா, கொழும்பு எங்க இருக்கு? நம்ம கூப்பிடுத தூரத்துலல்லா இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏளா, அட்லஸ எடுத்துட்டு வா."

நான் போய் எடுத்து வந்தேன். பழக்கம். பெரியப்பா முன்னால் அதைச் செய்து காட்டியதில்லை என்பதால் ஒரு பரபரப்புகூட இருந்தது. தரையில் விரித்து, நூலைத் தூத்துக்குடியில் வைத்துக் கொழும்புக்கு இழுத்தேன். அதே நூலை மெட்ராஸ் பக்கம் திருப்பினேன். பெரியப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"மெட்ராஸில பாதி தூரம்தான் பெரியப்பா. பிளேன்ல ஐம்பது நிமிஷம்."

"பரவால்லையே" என்றார் அவர்.

"பாத்தியா, சின்னப் பிள்ளைக்குத் தெரியுது" என்றார் அப்பா. "மனசு சரியில்லன்னா ஒரு கடுதாசி போடு. கெளம்பி வந்துர மாட்டனா?"

நான் தலையைத் தூக்கியபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தை நினைத்தேன். நூலைச் சுருட்டினேன்.

"ஆமா, பக்கந்தான்" என்றாள் அத்தை. எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவளை வழியனுப்ப என்னையும் கூட்டிப் போனார் அப்பா. விமானம் பார்க்க வேண்டும் என்று நான் அழுததால். முந்தின நாள் காலையில் கிளம்பினோம். திருநெல்வேலியில் ஒரு பஸ், நாகர்கோவிலில் இன்னொரு பஸ். நிற்க இடமில்லாத கூட்டம். அத்தைக்கு வழியெல்லாம் வாந்தி. திருவனந்தபுரத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் விமான நிலையத்தில் ஒரு வரிசை, அப்புறம் இன்னொரு வரிசை. ஏதோ ஒரு காகிதத்தில் மாமாவின் கையெழுத்து இல்லை என்று அவளைத் தனியே நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டார்கள். கணவன் எங்கே, ஏன் தனியாக வந்தாய், எப்போது வந்தாய். என் நூலில் இதெல்லாம் எங்கே இருந்தது?

வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். வெயிலில் அவள் விமானத்தைப் பார்த்து நடந்து போனாள். அவளுடைய இடது பக்கம் எங்களைப் பார்த்து இருந்தது. நான் "அத்தை! அத்தை!" என்று கத்தினேன். அப்பாவும் கையை ஆட்டிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. படியேறி உள்ளே போய்விட்டாள்.

"கோவம்" என்றார் அப்பா. "திரும்பிக்கூடப் பாக்காம போறா பாரு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "வளத்த பாசம் கொஞ்சமாச்சும் இருந்தா திரும்பிப் பாத்துருப்பா." மார்த்தாண்டம் தாண்டியிருக்கும். அவர் அவளைத் தப்பாக நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"அத்தைக்கு அந்தக் காது கேக்காதுப்பா. மாமா அடிச்சிட்டாராம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, எதற்கென்று தெரியவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "இந்நேரம் எறங்கியிருப்பா" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "ஒனக்கு எப்பம் தெரியும்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. நாகர்கோவிலில் எனக்குப் பழம் வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அட்லஸை எடுத்து வா என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது எப்போது காணாமல் போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் பாஸ்போர்ட் கிடையாது. தினமும் கொழும்புக்குச் சரக்கு அனுப்பிய மனுஷன் ஒருநாளும் கொழும்பு போனதில்லை. விண்ணப்பம் போட்டார். போலீஸ்காரர் வந்து விசாரித்துப் போனார். மாசங்கள் போயின. நடுவில் பொறுக்க மாட்டாமல், தோணியை ஓட்டிப் போகிற தண்டல் ஒருவரிடம் விலாசம் கொடுத்து, கொழும்பில் இறங்கியதும் ஒரு எட்டுப் பார்த்துவரச் சொன்னார். தண்டல் வந்து சொன்னார்: "நல்லாருக்காவ அண்ணாச்சி. மாப்ளயும் கூடவே உக்காந்து பேசிட்டு இருந்தாவ. காப்பி குடிச்சிட்டு வந்தேன்." அப்பா தலையாட்டிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டும் மற்ற காகிதங்களும் கைக்கு வந்து, ராமேஸ்வரம் போய்க் கப்பல் ஏறி அவர் கொழும்பு போய்ச் சேரும்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தை மடியில் ஆண் குழந்தை. "ஊருக்குப் போவோம், வாரியா?" என்று அப்பா கேட்டாராம். "இனிமே எப்படிண்ணே, பிள்ளைய விட்டுட்டா? அவிய தர மாட்டாவ" என்றாளாம். அப்பா தனியாகத் திரும்பினார். அதுக்கப்புறம் கலவரமும் சண்டையுமாக அங்கே நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். கப்பல் நின்றது. கடிதங்கள் குறைந்தன. அப்பா இறந்தபோது தந்தி கொடுத்தோம். அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் அத்தையிடமிருந்து பதில் தந்தி வந்தது.

அம்மா பிற்காலத்தில் எப்போதாவது, "ரசம் கேட்டா மோரு கொண்டு வருவாளே, அப்பமே எனக்குப் பிடிபட்டிருக்கணும்" என்பாள். பாதியில் நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள்.

போன வருஷம் மாமா இறந்தார். செய்தி கேட்டு நான் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. இங்கிருந்து சென்னைக்கு ஒரு விமானம், காத்திருப்பு, அங்கிருந்து இன்னொன்று. வீட்டிலிருந்து கிளம்பி அவள் வாசலில் இறங்க ஒரு பகல் முழுக்க ஆனது. அத்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருக்கிறாள். மகன் வேறு நாட்டில். நான் தானாகவே அவளுடைய வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அதைக் கவனித்துச் சிரித்தாள்.

இரண்டு நாள் ஊர்க்கதையெல்லாம் பேசினோம். மூன்றாம் நாள் காலை, கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது நானே கேட்டேன்.

"அப்புறமும் அடிச்சாரா அத்தை?"

"வயசாகவும் விட்டுட்டாரு" என்றாள்.

அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தாள். பிறகு என்னிடம் சாதாரணமாக, விளையாட்டாகச் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

"உங்க அப்பாட்ட நேரா சொல்ல எனக்கு வாய் வரல. சின்னப் பிள்ளயாச்சே, சொல்லாதன்னு சொன்னா எப்படியும் சொல்லிரும்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஒன்ட்ட சொன்னேன். தினமும் காலையில எந்திரிச்சதும் அண்ணன் மொகத்தப் பாப்பேன். இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும், இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும்னு. நீ சொல்லவே இல்ல."

நான் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தேன்.

"அட்லஸ எடுத்துட்டு வந்தியே, அப்பக்கூட நெனச்சேன், இப்பம் சொல்லப் போறான்னு."

"சொல்லிட்டேன் அத்தை" என்றேன். "திருவனந்தபுரத்துல ஒங்கள ஏத்திவிட்டுட்டுத் திரும்பும்போது. பஸ்ஸில. அப்பாட்ட சொல்லிட்டேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது. அத்தனை தூரம் தேடிப் போன அப்பா, ஏன் வந்தேன் என்பதை அவளிடம் சொல்லாமலே திரும்பியிருக்கிறார்.

"அன்னைக்கேவா சொன்ன?"

"அன்னைக்கே. சாயங்காலம்."

கீரைத் தண்டுகளை ஒன்றாகக் கூட்டி முறத்தில் போட்டாள். என் முட்டியைத் தட்டிக் கொடுத்தாள், ஆறுதல் சொல்லுகிற மாதிரி.

"அப்பம் அரை நாள்தான பிந்தியிருக்க" என்றாள்.

எழுந்து, உலை கொதித்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.